ஸ்பீட் டெஸ்ட் 100 காட்டுகிறது, வீடியோ கால் மட்டும் திக்குகிறது: இது ஏன் இன்னும் சரியாகவில்லை?

கேள்வி இதுதான். வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு, ஸ்பீட் டெஸ்ட்டும் ஒழுங்காகக் காட்டுகிறது. ஆனால் ஒருவர் போட்டோக்களை கிளவுடில் ஏற்ற ஆரம்பித்தால் போதும், அடுத்த அறையில் இருப்பவரின் வீடியோ கால் உறைந்துவிடுகிறது, கேமில் பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்துத்தான் குண்டு பாய்கிறது. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர்கூட வைத்தாயிற்று, மருந்தும் 2012-லேயே வந்துவிட்டது. அப்புறம் ஏன் இன்னும் அப்படியே கிடக்கிறது?

என்னைக் கேட்டால் முதல் காரணம், யாராவது பார்க்க வரும்போது இந்தக் கோளாறு இருக்காது என்பதுதான். மற்ற காரணங்களில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

சில வருடங்களுக்கு முன் என் வீட்டிலேயே நடந்தது. மூன்று முறை புகார் கொடுத்த பிறகு டெக்னீஷியன் வந்தார். லேப்டாப்பை மோடத்தில் நேராகச் செருகி பிங் போட்டார், ஒரு சின்னத் துண்டு டேட்டா போய்த் திரும்ப ஆகும் நேரம் அது, 9 மில்லிசெகண்ட். ஸ்பீட் டெஸ்ட் போட்டார், டவுன்லோட் 100, அப்லோட் 10, பிளானில் சொன்னது அப்படியே வந்தது. "லைன் க்ளியரா இருக்கு சார்" என்றார். பொய் சொல்லவில்லை, க்ளியராகத்தான் இருந்தது. நான் ஒரு பெரிய வீடியோ கோப்பை அப்லோட் போட்டுவிட்டு, பக்கத்து விண்டோவில் பிங்கை ஓடவிட்டுக் காட்டினேன். 9, 11, 10 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று 140, 390, 720 என்று ஏறி 880-ஐச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. அப்லோடை நிறுத்தினேன், சட்டென்று மறுபடி 9. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "நீங்க அப்லோட் போட்டிருக்கீங்கல்ல, அதான் சார்." என்னமோ காசு கொடுத்து வாங்கிய அப்லோடை பயன்படுத்தியது என் தப்பு மாதிரி. புகார் அன்றைக்கே 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டது.

அந்த 880 என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் முழுக் கதையும் அதில் இருக்கிறது. நொடிக்கு 10 மெகாபிட் போகிற பாதை, 0.88 நொடி காத்திருப்பு என்றால் 8.8 மெகாபிட், அதாவது சுமார் 1.1 மெகாபைட் டேட்டா மோடத்துக்குள் எப்போதும் வரிசையில் நிற்கிறது. என் பிங் பாக்கெட், அதாவது அந்தத் துண்டு டேட்டா, ஐம்பது அறுபது பைட்தான், ஆனால் அது அந்த 1.1 மெகாபைட்டின் வாலில் போய் நின்று தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வீடியோ காலின் பாக்கெட்டும் அப்படியே. வெப்சைட்டின் பெயரைத் தேடும் டிஎன்எஸ் கேள்வியும் அப்படியே. டவுன்லோடுக்கு "வந்து சேர்ந்தது" என்று திருப்பிச் சொல்லும் ஒப்புகைப் பாக்கெட்டுகளும் இதே வரிசையில்தான் நிற்கின்றன, அதனால்தான் அப்லோட் போட்டால் சம்பந்தமே இல்லாத டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடுகிறது.

பாக்கெட்டுகள் இப்படி வரிசையில் நிற்கும் மெமரிக்குத்தான் பஃபர் என்று பெயர். அவ்வளவு பெரிய பஃபரை ஏன் வைத்தார்கள்? அதே மோடத்தை 1 ஜிகாபிட் இணைப்பில் மாட்டினால் அந்த 1.1 மெகாபைட் 9 மில்லிசெகண்டில் காலியாகிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. தயாரிப்பவர் அதிகபட்ச வேகத்தை மனதில் வைத்து பஃபரை அளந்து வைக்கிறார், அது 10 எம்பிபிஎஸ் அப்லோட் இருக்கிற வீட்டுக்கும் அதே அளவில் போகிறது. பஃபரை பைட்டில் அளக்கிறார்கள், நாம் காத்திருப்பதோ நேரத்தில்.

இன்னொன்று, மெமரி மலிவாகிவிட்டது, பாக்கெட் விழுவது, அதாவது வழியில் தொலைவது, பாவம் என்ற நம்பிக்கையும் கூடவே வளர்ந்துவிட்டது. ஒரு பாக்கெட்கூட விழாமல் முழு வேகம் வருகிறதா என்று பார்ப்பதுதான் வழக்கமான சோதனை. பஃபரைப் பெரிதாக்கினால் அந்தச் சோதனையில் தேறிவிடலாம். ஆனால் டேட்டாவை எவ்வளவு வேகமாக அனுப்புவது என்று தீர்மானிக்கிற டிசிபி என்ற விதிமுறைக்கு பாக்கெட் விழுவதுதான் தகவலே. அனுப்புகிற கம்ப்யூட்டருக்கு நடுவில் உள்ள பாதையின் அகலம் தெரியாது, அது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், ஏதாவது ஒரு பாக்கெட் தொலைந்தால் "சரி, இதுதான் எல்லை" என்று குறைத்துக்கொள்ளும். நடுவில் இருக்கிற பெட்டி ஒன்றையும் தொலைக்காமல் அத்தனையையும் வாங்கி வாங்கி அடுக்கினால், அனுப்புகிறவருக்குப் பாதை காலியாக இருப்பது போலத்தான் தெரியும். நல்லது செய்வதாக நினைத்துச் சேதியை மறைப்பது இது.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையும் இல்லை. 1985-லேயே ஜான் நேகிள் என்ற பொறியாளர், இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் ஒன்றான ஆர்எஃப்சி 970-ல், ஒரு பெட்டிக்கு எல்லையில்லாத மெமரி கொடுத்தாலும் நெரிசல் தீராது, பாக்கெட் போய்ச் சேரும் நேரத்தில் அது காலாவதியாகியிருக்கும் என்று எழுதிவிட்டார். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கஜ தூரத்தில், வேகம் நொடிக்கு 32 ஆயிரம் பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. 40 ஆயிரம் இல்லை, 40. அதைப் பார்த்துத்தான் வான் ஜேகப்சன் டிசிபியின் நெரிசல் கட்டுப்பாட்டை உருவாக்கினார், 1988-ல் அந்தக் கட்டுரை வந்தது, இன்றைக்கும் இணையம் நிற்பது அந்த அடித்தளத்தில்தான். 1993-ல் அவரும் சாலி ஃபிளாய்டும் சேர்ந்து ரெட் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள், பஃபர் நிரம்புவதற்கு முன்பே ஒன்றிரண்டு பாக்கெட்டைத் தூக்கிப்போட்டு அனுப்புகிறவரை எச்சரிப்பது. யோசனை சரிதான், ஆனால் அதை ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக அளந்து திருகி வைக்க வேண்டும், தப்பாக வைத்தால் இருந்ததைவிட மோசம். அதனால் பெரும்பாலான இடங்களில் அணைத்தே வைத்திருந்தார்கள். 'வரிசையை மேய்க்கப் போனால் தலைவலி' என்ற எண்ணம் நெட்வொர்க் ஆட்களிடம் ஊறியது அப்போதுதான், அது இன்னும் முழுசாகப் போகவில்லை.

பிறகு 2010-ல் பெல் லேப்ஸில் இருந்த ஜிம் கெட்டிஸ் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது தாமதம் ஒரு நொடியைத் தாண்டுவதைக் கவனித்து, விடாமல் துரத்தி, இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார். எக்ஸ் விண்டோ, எச்டிடிபி என்று பல இடங்களில் வேலை செய்த ஆள் அவர், அவருக்கே அதுவரை தன் வீட்டு நெட் ஏன் இப்படி இருக்கிறது என்று பிடிபடவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். டேவ் டாட் என்பவரும் சேர்ந்துகொள்ள ஒரு சிறு கூட்டம் திரண்டது. 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேகப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள்.

கோடெலின் அழகு, அது வரிசையின் நீளத்தைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் உள்ளே எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று மட்டும் பார்க்கிறது. 100 மில்லிசெகண்ட் முழுக்க ஒரு தடவைகூடக் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கவில்லையா, ஒரு பாக்கெட்டைப் போடு. அவ்வளவுதான். இணைப்பு 20 எம்பிபிஎஸ்ஸாக இருந்தாலும் 200-ஆக இருந்தாலும் பொதுவாக ஒன்றும் திருக வேண்டாம். அதோடு ஒவ்வொரு உரையாடலையும், அதாவது ஓர் ஆப்பும் அதன் சர்வரும் பேசிக்கொள்வதை, தனித்தனி வரிசையில் பிரிக்கும் முறையைச் சேர்த்து எஃப்க்யூ-கோடெல் வந்தது, வழக்கமாக 1,024 வரிசைகள். சின்னச் சின்னதாக எப்போதாவது வரும் பாக்கெட், அதாவது கால், கேம், டிஎன்எஸ் மாதிரியானவை, தனி வரிசையில் நின்று உடனே போய்விடும். பெரிய அப்லோட் தன் வரிசையில் தானே காத்துக்கிடக்கும். பல ரூட்டர்களுக்குள்ளும் ஓடும் இயங்குதளம் லினக்ஸ், அதே 2012-ல் அதன் 3.5 பதிப்பில் இது சேர்ந்துவிட்டது. காப்புரிமைச் சண்டை இல்லை, உரிமக் கட்டணம் இல்லை.

சிக்கலின் ஒரு பாதி இந்த 'இல்லை'யில்தான் இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை விற்க யாரும் வர மாட்டார்கள். 'கேமிங் ரூட்டர்' என்று எட்டு ஆன்டெனாவும் சிவப்பு விளக்குமாக ஒன்றை விற்கலாம், அதில் எந்த ஆப்புக்கு முன்னுரிமை என்று வரிசைப்படுத்தும் பட்டியல் ஒன்றையும் வைக்கலாம். ஆனால் நெரிசல் நடப்பது மோடத்துக்குள், ரூட்டர் அதற்கு முன்னால் நிற்கிறது. ரூட்டர் எவ்வளவு அழகாக அடுக்கி அனுப்பினாலும் மோடத்துக்குள் போய் எல்லாம் ஒரே வரிசைதான்.

இந்த இடம்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வரிசை எப்போதும் பாதையின் மிகக் குறுகலான இடத்துக்கு முன்னால்தான் சேரும். அப்லோடில் அது பெரும்பாலும் மோடம், டவுன்லோடில் நிறுவனத்தின் பக்கம் இருக்கும் கருவி, அது நம் கைக்கு எட்டாது. வைஃபை சிக்னல் மோசமான அறையில் உட்கார்ந்திருந்தால் குறுகலான இடம் வைஃபையாகவே மாறிவிடும். கோடெல் எங்கே ஓடுகிறதோ அங்கே வரிசை இருந்தால்தான் அதற்கு வேலை. அதனால் ரூட்டரில் போட வேண்டுமானால் ரூட்டரையே வேண்டுமென்று குறுகலான இடமாக ஆக்க வேண்டும்: 10 எம்பிபிஎஸ் அப்லோட் என்றால் ரூட்டரில் 9 என்று கட்டுப்படுத்தி வைப்பது. அப்போது வரிசை மோடத்தை விட்டு ரூட்டருக்கு வந்துவிடும், அங்கே கோடெல் பார்த்துக்கொள்ளும். டவுன்லோடிலும் இதே தந்திரம் வேலை செய்யும், ரூட்டர் பாக்கெட்டைப் போட்டால் தூரத்தில் அனுப்புகிற சர்வர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கவனித்தீர்களா, மருந்து சாப்பிட்டால் ஸ்பீட் டெஸ்ட்டில் எண் குறைகிறது. 100 காட்டியது 90 காட்டும். வேகத்தை எண்ணாக விற்கிற உலகத்தில், எண்ணைக் குறைக்கும் வசதியை எந்த நிறுவனம் தானாகவே ஆன் செய்து கொடுக்கும்? கஸ்டமர் கேருக்கு "நெட் ஆட்டம் காணுகிறது" என்று வரும் புகார் மங்கலானது, அதை "வைஃபை பிரச்சனை" என்று தள்ளிவிடலாம். "100 சொன்னீர்கள் 90 வருகிறது" என்ற புகார் ஸ்கிரீன்ஷாட்டோடு வரும்.

அதற்கு மேல் ஹார்டுவேர் பிரச்சனை. மலிவான ரூட்டரின் ப்ராசஸருக்கு ஜிகாபிட் வேகத்தில் ஒவ்வொரு பாக்கெட்டையும் தொட்டுப் பார்க்கிற தெம்பு கிடையாது. அதற்காகச் சிப்பில் ஒரு குறுக்குவழி இருக்கும், பாக்கெட் லினக்ஸின் கண்ணிலேயே படாமல் ஹார்டுவேர் வழியாக ஓடிவிடும். கோடெல் இருப்பது லினக்ஸில். அதை ஓடவைக்க அந்தக் குறுக்குவழியை அணைக்க வேண்டும், அணைத்தால் பெட்டியில் 'ஜிகாபிட்' என்று அச்சடித்த ரூட்டர் இருநூறு முந்நூறு எம்பிபிஎஸ்ஸிலேயே மூச்சு வாங்கும். சிப் தயாரிப்பாளர் கொடுக்கும் மென்பொருள் தொகுப்பும் பெரும்பாலும் லினக்ஸின் பழைய கெர்னலில், அதாவது பழைய மையப் பதிப்பில், பூட்டப்பட்டிருக்கும், எஃப்க்யூ-கோடெல் வந்து பல வருடம் கழித்தும் 2.6, 3.4 கெர்னல்களோடு புது ரூட்டர்கள் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருந்தன. புதிய கெர்னல் இருக்கிற ரூட்டர்களில் மருந்து உள்ளேயே கிடக்கும், அமைப்புப் பக்கத்தில் அதை ஆன் செய்ய ஒரு பட்டன் மட்டும் இருக்காது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலையும் கதை.

ஆக, சிப் தயாரிப்பாளர், ரூட்டர் நிறுவனம், இணைய நிறுவனம், ஆப் எழுதுகிறவர் என்று எல்லாருடைய சோதனையிலும் அவரவர் பகுதி தேறிவிடுகிறது, வரிசை மட்டும் யாருடையதும் இல்லாமல் நடுவில் நிற்கிறது. லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு நிறுவனமே நடத்தும் ஸ்பீட் டெஸ்ட்தான் ஆதாரம், வேலிக்கு ஓணான் சாட்சி. போதாக்குறைக்கு நாமும் பழகிக்கொள்கிறோம். "நான் மீட்டிங்கில் இருக்கேன், யாரும் எதையும் அப்லோட் போடாதீங்க" என்று வீட்டுக்குள் சத்தம் போடுவதை யாரும் கோளாறு என்று நினைப்பதில்லை. படம் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஆப் முன்கூட்டியே பல நொடிகளைச் சேமித்து வைத்திருக்கும். இன்னும் தாங்க முடியாதவர்கள் பெரிய பிளானுக்கு மாறுகிறார்கள், அது ஓரளவுக்கு வேலையும் செய்கிறது, அகலமான பாதை நிரம்ப அதிக நேரமாகும், நிரம்பினாலும் சீக்கிரம் வடியும். கோளாறைக் காரணம் காட்டி அடுத்த பிளானை விற்க முடிகிறபோது கோளாறைச் சரிசெய்ய எவருக்கு அவசரம்?

ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கேபிள் மோடங்களுக்கான டாக்சிஸ் 3.1 தரத்தில் பை என்ற முறையைக் கட்டாயமாக்கினார்கள், அது கோடெலுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. அமெரிக்காவின் காம்காஸ்ட் 2021-ல் வெளியிட்ட அளவீட்டில், கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு வகை மோடங்களில் இந்த வசதி இல்லாததில் அப்லோட் நேரத்தில் தாமதம் 250 மில்லிசெகண்ட் அளவுக்கு இருந்தது, இருந்ததில் 15-லிருந்து 30 வரை. லைன் மாறவில்லை, வேகம் மாறவில்லை, மோடத்துக்குள் இருந்த மென்பொருள் வசதி ஒன்றுதான் வித்தியாசம். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் எஃப்க்யூ-கோடெல் பரவலாக இயல்பாகவே வருகிறது. வைஃபைக்குள்ளும் நல்ல வேலை நடந்திருக்கிறது. 2023-ல் தாமதத்தைக் குறைக்கும் எல்4எஸ் என்ற புது ஏற்பாடும் ஆர்எஃப்சி ஆனது, அதற்கு அனுப்புகிறவர், பெறுகிறவர், நடுவில் இருப்பவர் மூவரும் ஒத்துழைக்க வேண்டும், அதனால் அது வீட்டுக்கு வீடு வந்து சேரும்வரை காத்திருப்பேன் என்று நீங்கள் உட்கார வேண்டாம்.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று: அளக்கிற கருவிகள் மாறியிருக்கின்றன. ஃபாஸ்ட் டாட் காம், கிளவுட்ஃபிளேர், ஊக்லா ஆகிய ஸ்பீட் டெஸ்ட்கள் மூன்றுமே இப்போது லோடு இருக்கும்போது உள்ள தாமதத்தையும் காட்டுகின்றன, மேக்கில் 2021-லிருந்து நெட்வொர்க்குவாலிட்டி என்ற கட்டளையே இருக்கிறது. ஆனால் பெரிய எழுத்தில் வருவது இன்னும் வேகம்தான், தாமதம் ஓரமாகப் பொடி எழுத்தில்.

உங்கள் வீட்டுக்கு என்ன செய்வது? முதலில் கம்ப்யூட்டரை வயரில் இணைத்து, ஒரு விண்டோவில் பிங் ஓடவிட்டு, இன்னொன்றில் பெரிய கோப்பை அப்லோட் செய்யுங்கள். வயரில் இணைப்பது முக்கியம், இல்லையென்றால் வைஃபையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பிங் இருபது முப்பதுக்குள் கூடினால் உங்களுக்கு இந்தப் பிரச்சனை இல்லை, இதற்கு மேல் படிக்க வேண்டாம். நூறைத் தாண்டினால், ரூட்டர் அமைப்பில் வரிசையை மேய்க்கும் வசதி, எஸ்க்யூஎம் அல்லது 'ஸ்மார்ட் க்யூ' மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால், ரூட்டர் ஆதரித்தால், ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளைப் போட்டு எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவுங்கள், அதில் கேக் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள், அது ஒரே ஆள் பத்து டவுன்லோட் போட்டாலும் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் சமமாகப் பங்கு போடும்படி வைக்கலாம். அளந்த வேகத்தில் 90 சதவீதம் கொடுத்துத் தொடங்கி, பிங் கெடாதவரை மெல்ல ஏற்றிப் பாருங்கள். மொபைல் சிம்மில் ஓடும் வீட்டு இணைப்பு என்றால் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், நிலையான எண் அங்கே சரிப்படாது, மாறும் வேகத்துக்கேற்பத் தானே ஏற்றி இறக்கும் ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன, கொஞ்சம் பொறுமை வேண்டும். இதெல்லாம் முடியாது என்றால், பேக்கப் ஆப்பில் அப்லோட் வேகத்துக்கு வரம்பு வைக்கும் வசதி அனேகமாக இருக்கும், மொத்த அப்லோடில் முக்கால் பங்கு என்று வைத்துவிடுங்கள். முரட்டு வைத்தியம்தான், ஆனால் மாலைக்குள் வித்தியாசம் தெரியும்.

என் வீட்டில் எஸ்க்யூஎம் போட்டு டவுன்லோடுக்கு 92, அப்லோடுக்கு 9 என்று வைத்தேன். அதே வீடியோ கோப்பை அப்லோட் போட்டபோது பிங் 14-ஐத் தாண்டவில்லை. ஒரு வாரம் யாரும் எதைப் பற்றியும் முணுமுணுக்கவில்லை. எட்டாவது நாள் தம்பி போனை நீட்டிக்கொண்டு வந்தான், "என்னண்ணா, முன்னாடி நூறு காட்டும், இப்ப தொண்ணூறுதான் வருது, கம்ப்ளைன்ட் குடுக்கட்டுமா?"